என்.எஸ்.எஸ். பொறுப்பு கைக்கு வந்திருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பணியில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆன முதுகலை ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "இந்த ஆண்டு என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஐம்பது பிள்ளைகள். காலாண்டு விடுமுறையில் ஏழு நாள் முகாம் நடத்த வேண்டும். மரக்கன்று நடுவது, விழிப்புணர்வுப் பேரணி போவது தவிர என்ன செய்வது என்று தெரியவில்லை. படிப்பு கெட்டுவிடும் என்று பெற்றோர் தயங்குகிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?"

டீச்சர், நான் காவிரிக் கடைமடையில் ஒரு பள்ளியில் தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பதினோரு வருஷம் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலர். என்ன செய்வது என்பதை நீங்களும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். எந்த ஊருக்குப் போகிறீர்களோ அந்த ஊரிடம் கேளுங்கள். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் அதே ஊருக்கே போங்கள். நான் சொல்லப் போவதில் முக்கால்வாசி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

இதை நான் கற்றுக்கொண்டது தவறு செய்துதான். என் முதல் முகாமில் இருநூறு மரக்கன்றுகள் நட்டோம். புங்கனும் வேம்பும். குளக்கரை முழுக்க வரிசையாகக் குழி தோண்டி, நட்டு, தண்ணீர் ஊற்றி, எல்லாரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டு வந்தோம். பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோஷம். தை மாதம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், பதினேழு கன்று நின்றது. சித்திரையில் மூன்று. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "இது ஆடு இறங்குற கரை சார். கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே" என்றார். அவர் குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அவ்வளவுதான். ஏழு நாள் அந்த ஊரில் இருந்திருக்கிறோம். அவர் தினமும் எங்களைக் கடந்து போயிருக்கிறார். ஐம்பது பிள்ளைகளில் ஒருவரும் அவரிடம் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அடுத்த வருஷம் அவரிடமே போனோம். பூவரசம் போத்து நடச் சொன்னார். ஆள் உயரத்துக்கு மேல் உள்ள கிளையை வெட்டி, ஐப்பசி மழைக்கு முன்னால் ஊன்றிவிட்டால் தானாகத் துளிர்த்துவிடும். தழை உயரத்தில் இருப்பதால் ஆட்டுக்கு எட்டாது. நான் தாவரவியல் படித்தவன். தண்டு மூலம் இனப்பெருக்கம் என்று கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் கரைக்கு எது ஒத்துவரும் என்பது அவருக்குத்தான் தெரிந்திருந்தது. அந்த முறை முப்பது போத்துதான் நட்டோம். பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு அதன் நிழலில்தான் ஆடு படுத்திருக்கிறது.

சரி, அடிப்படையான சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். பெற்றோரிடமும் சக ஆசிரியர்களிடமும் பேச உதவும். நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டில் தொடங்கப்பட்டது. அப்போது மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ். 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு ஆரம்பித்தார்கள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு 1985இல் விரிவுபடுத்தினார்கள். இதற்கு வெகுகாலம் முன்பே, 1948இல் அமைக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர்கள் தேச சேவையில் ஈடுபட வேண்டும், அது அவர்களாக விரும்பி வருவதாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. அந்தக் குழுவின் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். 'விரும்பி' என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பல பள்ளிகளில் ஒரு வகுப்பையே மொத்தமாகப் பெயர் எழுதிச் சேர்த்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஐம்பது இடம் இருந்து முப்பது பேர்தான் விரும்பி வந்தார்கள் என்றால் அந்த முப்பது பேரோடு தொடங்குங்கள். மீதிப் பேர் முகாம் முடிந்து வந்த பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுவிட்டு அடுத்த மாதம் தாங்களாகவே வந்து நிற்பார்கள். எனக்கு இது ஒவ்வொரு வருஷமும் நடந்தது.

கணக்கு என்று பார்த்தால் வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்தில் 240, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். பெற்றோர் 120 என்று கேட்டதும் மலைத்துப் போவார்கள். பத்து மாதத்துக்குப் பிரித்துக் காட்டுங்கள், மாதம் பன்னிரண்டு மணி நேரம், வாரத்துக்கு மூன்று. ஒரு சனிக்கிழமைக் காலை. அவ்வளவுதான். முகாமுக்குப் பிளஸ் ஒன் பிள்ளைகளைத்தான் அழைத்துப் போங்கள். பிளஸ் டூ பிள்ளைகளில் அனுபவம் உள்ள நாலைந்து பேர் மட்டும் வழிநடத்த வரட்டும், அதுவும் வீட்டில் சம்மதித்தால். டிசம்பருக்குப் பிறகு பிளஸ் டூ பிள்ளைகளை எதற்கும் கூப்பிடாதீர்கள். இந்த இரண்டு விஷயத்தையும் வருஷ ஆரம்பத்திலேயே பெற்றோர் கூட்டத்தில் வாக்காகக் கொடுத்துவிட்டால் தயக்கம் பெருமளவு குறைந்துவிடும். படிப்பு கெடுமா என்று கேட்கும் அம்மாவிடம் நான் இன்னொன்றும் சொல்வேன்: உங்கள் பிள்ளையை ஒரு நாள் மட்டும் அனுப்புங்கள், சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்ன பேசுகிறான் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அந்த ஒரு நாளுக்குப் பிறகு வேண்டாம் என்று சொன்ன பெற்றோர் மிகக் குறைவு.

இனி ஊருக்கு வருவோம். பள்ளியிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பிள்ளைகளில் சிலராவது அந்த ஊர்க்காரர்களாக இருந்தால் நல்லது. ஊராட்சி மன்றத் தலைவரைப் பார்க்கத்தான் வேண்டும், ஊராட்சிச் செயலரையும் கிராம நிர்வாக அலுவலரையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அவர்களைப் பார்த்ததோடு ஊரைக் கேட்டுவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். தலைவர் பெரும்பாலும் பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடிக்கவோ கோயில் வளாகத்தில் புல் செதுக்கவோ சொல்வார். அதுவும் நல்ல வேலைதான். அப்பர் சுவாமிகள் உழவாரப்படை ஏந்திய மண் இது, கோயில் முற்றத்தைச் செதுக்கிச் சுத்தம் செய்வதில் பிள்ளைகளுக்கு ஒரு நிறைவு உண்டு. ஆனாலும் ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பெண்களிடம் கேளுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களிடம் கேளுங்கள். அங்கன்வாடி அம்மாவிடம் கேளுங்கள். ஊருக்குள் யார் வீட்டில் என்ன குறை என்று அந்த அம்மாவுக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

நாங்கள் அப்படிக் கேட்டபோது எதிர்பார்க்காத பதில் வந்தது. வயதான பெண்கள் பலர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். வங்கியில் பணம் எடுக்கும் சீட்டை நிரப்பித் தர ஆள் இல்லை. வங்கி வாசலில் யாரிடமாவது கெஞ்ச வேண்டியிருக்கிறது, சிலர் அதற்குக் காசு கேட்கிறார்கள். முதியோர் உதவித்தொகையில் பத்து ரூபாய், இருபது ரூபாய் இதற்கே போகிறது. இதைக் கேட்ட பிள்ளைகளின் முகத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. அவர்களால் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடக் கூடிய வேலை அது. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கி விடுமுறை, முதலாவதிலும் மூன்றாவதிலும் வங்கி உண்டு. அந்த இரண்டு சனிக்கிழமைகளில் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை வங்கி வாசலில் நான்கு பிள்ளைகள் உட்காருவது என்று முடிவு செய்தோம். கிளை மேலாளரிடம் முன்கூட்டியே பேசி, ஒரு பெஞ்சும் கேட்டு வாங்கினோம்.

இதைச் செய்வதாக இருந்தால் சில கட்டுப்பாடுகள் அவசியம். பிள்ளைகள் பணத்தைத் தொடக் கூடாது. ஏ.டி.எம். அட்டையின் ரகசிய எண்ணையோ செல்போனில் வரும் ஓ.டி.பி. எண்ணையோ கேட்கவும் கூடாது, பாட்டியே நம்பிச் சொன்னாலும் காதில் வாங்கக் கூடாது. எப்போதும் இரண்டு பேராக இருக்க வேண்டும். ஆசிரியர் ஒருவர் கண்பார்வையில் இருக்க வேண்டும். எழுதிய தொகையை உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். ஏதாவது ஒரு கணக்கில் பிசகு வந்து பிள்ளை மேல் பழி விழுந்தால் அந்தக் காயம் ஆறாது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கொஞ்ச நாளில் ஒரு பாட்டி, "நீ எழுதித் தர்றது இருக்கட்டும், என் பேரை நானே எழுத சொல்லிக்குடு" என்று கேட்டார். அங்கிருந்து அது மாலை நேர எழுத்து வகுப்பாக மாறியது. நாங்கள் திட்டமிட்டதல்ல அது, ஊர் இழுத்துக்கொண்டு போன வழி. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தபோதும் எழுத்தோடு நிற்கவில்லை. பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வதையும் இயக்கத்தின் வேலையாகவே எடுத்துக்கொண்டார்கள். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்களும் அதில் இருந்தார்கள். அந்த வரலாற்றை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நம் ஊரிலேயே நடந்தது, நம் அம்மாக்களும் அத்தைகளும் செய்தது.

இரண்டாவதாக நான் உறுதியாகப் பரிந்துரைப்பது டெங்குக் கொசு உற்பத்தி ஆகும் இடங்களை வீடு வீடாகப் பார்ப்பது. முகாம் நடக்கும் புரட்டாசிக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் இடையில் இதைவிடப் பயனுள்ள வேலை எனக்குத் தெரியவில்லை. பேரணி போய் 'கொசுவை ஒழிப்போம்' என்று கத்துவதைவிட இது நூறு மடங்கு மேல். ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளரைக் கூப்பிட்டு அரை நாள் வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள். அவர் ஒரு பாட்டிலில் புழுவைக் கொண்டுவந்து காட்டினால் போதும், பிள்ளைகள் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள். ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் முட்டையிடும், முட்டை பறக்கும் கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒரு முறை பாத்திரங்களைக் காலி செய்யச் சொல்கிறோம். பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் மாதக் கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். தேங்காய் நார் வைத்து உள்பக்கம் தேய்த்துக் கழுவ வேண்டும். பிள்ளைகளுக்கு இந்தக் காரணம் புரிந்துவிட்டால் அவர்கள் வீட்டுக்காரர்களிடம் பேசும் விதமே மாறிவிடும். 'சுத்தமா வச்சுக்குங்க' என்று பொதுவாகச் சொல்ல மாட்டார்கள். 'ஆத்தா, இந்த ஆட்டுக்கல்லு குழியை ஒரு தடவை நாரைப் போட்டுத் தேய்ச்சுடலாமா, நான் தேய்க்கிறேன்' என்று சொல்வார்கள்.

ஆட்டுக்கல், டயர், தேங்காய் ஓடு, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் இருக்கும் தட்டு, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி, மாடியில் கிடக்கும் உடைந்த பக்கெட் என்று ஒரு பட்டியலை நோட்டில் எழுதிக்கொண்டு இரண்டிரண்டு பேராகப் போகட்டும். எத்தனை வீடு பார்த்தோம், எத்தனை வீட்டில் புழு இருந்தது என்று எழுதி வைக்கட்டும். ஒரு வாரம் கழித்து அதே வீடுகளுக்கு மறுபடி போய்ப் பார்க்க வேண்டும். முதல் தடவை 280 வீட்டில் 64 வீட்டில் புழு இருந்தது எங்களுக்கு. மறுவாரம் 19. அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். தாங்கள் செய்ததன் பலனைத் தங்கள் கணக்கிலேயே பார்ப்பது அந்த வயதில் பெரிய விஷயம்.

ரத்த தானம் பற்றியும் ஒரு வார்த்தை. முகாம் என்றதும் ரத்த தானம் நடத்தலாமா என்று யாராவது கேட்பார்கள். பதினெட்டு வயது நிறைந்தவர்கள்தான் கொடுக்கலாம், எடையும் குறைந்தது 45 கிலோ இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் கொடுக்க முடியாது. ரத்த வகை கண்டறியும் முகாமும் ரத்த சோகைப் பரிசோதனையும் நடத்தலாம், ஊர் இளைஞர்களைக் கொடுக்க அழைக்கலாம்.

மரம் நடுவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இடத்துக்கும் காலத்துக்கும் பொருத்தமான மரமாக இருக்கட்டும் என்கிறேன். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும், முகாமும் அப்போதுதான் வருகிறது. பிள்ளைகளே பழம் பொறுக்கி, விதையை ஏரிக்கரையில் பத்தடிக்கு ஒன்றாகப் புதைத்து வரலாம். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, மழை பார்த்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவையுங்கள். பனை முளை முதலில் மண்ணுக்குள் கீழ்நோக்கித்தான் இறங்கும், வெளியே ஓலை தெரியப் பல மாதம் ஆகும். தெரியாவிட்டால் முளைக்கவில்லை என்று சோர்ந்துபோவார்கள். இவர்கள் நட்ட பனை காய்க்கும்போது இவர்களுக்கு முப்பது வயது ஆகியிருக்கும் என்றும் சொல்லுங்கள். சீமைக்கருவேலம் வெட்டும் வேலையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். முள் குத்தினால் சீழ் பிடிக்கும், வேரோடு எடுக்காமல் வெட்டினால் மறுபடி தழைத்துவிடும். வேரோடு எடுப்பது இயந்திரத்தின் வேலை.

அடுத்தது, முகாமில் யார் எந்த வேலையைச் செய்கிறார்கள் என்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் கிராமங்களில் ஊர்த்தெரு தனியாகவும் காலனி தனியாகவும் இருக்கிறது, அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. நீங்கள் எந்தத் தெருவில் தங்குகிறீர்கள், எங்கே சமைக்கிறீர்கள், எந்தத் தெருவிலிருந்து பணியைத் தொடங்குகிறீர்கள் என்பதை ஊர் முழுக்கக் கவனிக்கும். நான் முதல் நாள் பணியைக் காலனியிலிருந்து தொடங்குவேன். டெங்குக் கணக்கெடுப்பும் எழுத்து வகுப்பும் இரண்டு தெருவுக்கும் ஒன்றாகவே நடக்கும். கழிப்பறை சுத்தம், பாத்திரம் துலக்குவது, பரிமாறுவது, காய் நறுக்குவது எல்லாம் குலுக்கல் போட்டுச் சுழற்சி முறையில் மாறும். ஒரு வேலை ஒரே பிள்ளைகளிடம் மூன்று நாள் நின்றுவிட்டால் உடனே கவனியுங்கள், ஏன் நின்றது என்று. பையன்களும் சமைக்க வேண்டும், பெண் பிள்ளைகளும் மண்வெட்டி பிடிக்க வேண்டும். ஏழு நாளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதில் ஆசிரியர்களும் சேர்த்திதான்.

வகுப்பில் கடைசி பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த ஒரு பையன். ஆங்கிலப் பாடம் வாசிக்கச் சொன்னால் வியர்த்துவிடும். முகாமில் வாய்க்கால் தூர்வாரும்போது மண்வெட்டியை எப்படிப் பிடித்தால் கை கொப்பளிக்காது, இடுப்பு வலிக்காது என்று முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளுக்கு அவன்தான் சொல்லிக்கொடுத்தான். அன்று இரவு எல்லாரும் அவன் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். பள்ளிக்குத் திரும்பிய பிறகு அவன் தலை நிமிர்ந்து நடந்தான். வாசிப்பும் மெல்ல மெல்லச் சரியானது. அவனுக்கு நான் தனியாக எதுவும் செய்யவில்லை.

சாக்கடைக்குள் பிள்ளைகளை இறக்காதீர்கள். கையுறை இல்லாமல் குப்பை அள்ள விடாதீர்கள். ஊரின் தூய்மைக் காவலர்களைக் கூப்பிட்டு, அவர்கள் தினமும் என்ன செய்கிறார்கள், எதனால் சிரமப்படுகிறார்கள் என்று பேசச் சொல்லுங்கள். எங்களிடம் பேசிய அம்மா ஒருவர், "நீங்க ஒரு நாள் வந்து தெருவைக் கூட்டிட்டுப் போறது பெரிசில்ல. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டுலயே பிரிச்சுக் குடுக்கச் சொல்லுங்க, அது போதும்" என்றார். அதன் பிறகு நாங்கள் தெருக் கூட்டுவதை விட்டுவிட்டு வீடு வீடாகப் போய் அதைத்தான் பேசினோம். பழைய சேலையிலும் வேட்டியிலும் பைகள் தைத்துக் கொடுத்தோம். மாநிலத்தில் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது, 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் 2021 டிசம்பரில் வந்தது. அந்தப் பேச்சோடு ஒரு பையும் கையில் இருந்தால் கேட்கிறவர்களுக்கு ஏறுகிறது.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் ஒப்புதல் கடிதம், அவசரத்துக்கு இரண்டு செல்போன் எண், உடலில் ஏதாவது கோளாறோ ஒவ்வாமையோ இருந்தால் அந்த விவரம். குளம், கிணறு, ஆறு எதிலும் குளிக்க அனுமதி இல்லை, நீச்சல் தெரிந்தவனுக்கும் இல்லை. கடைமடையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், நீச்சல் தெரிந்தவர்கள்தான் மூழ்கிப் போயிருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் தங்குவதானால் ஆசிரியைகள் உடன் தங்க வேண்டும், கழிப்பறையும் விளக்கும் தாழ்ப்பாளும் சரியாக இருக்கின்றனவா என்று முகாமுக்கு முன்னால் நீங்களே போய்ப் பார்த்துவிட வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காலையில் வரச் சொல்லுங்கள், அதனால் முகாம் ஒன்றும் குறைந்துவிடாது. வெயிலில் வேலை பத்தரை மணிக்கு மேல் வேண்டாம். ஊர்வலம் நடத்தியே ஆக வேண்டும் என்றால் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

படம் எடுப்பதைப் பற்றி உங்களுக்கு நிச்சயம் அழுத்தம் வரும். அறிக்கைக்குப் படம் தேவைதான். வேலை நடப்பதை எடுங்கள். வயதானவர்களுக்கு எதையாவது நீட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் படம் வேண்டவே வேண்டாம். வாங்குகிற கை கூசும். எங்கள் பாட்டிகளில் ஒருவர் அப்படி ஒரு படத்துக்கு நிற்கச் சொன்னபோது சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

பணிக் குறிப்பேடு என்று ஒன்றை ஒவ்வொரு பிள்ளையும் எழுத வேண்டும். பெரும்பாலும் அதில் 'இன்று கோயில் வளாகம் சுத்தம் செய்தோம், 3 மணி நேரம்' என்றுதான் இருக்கும். நான் ஒரு கேள்வியைச் சேர்த்துவிட்டேன்: இன்று யாரிடம் பேசினாய், அவர் என்ன சொன்னார்? வேறெதுவும் கேட்கவில்லை. அந்தக் குறிப்பேடுகளை முகாமின் கடைசி இரவு படித்துப் பார்த்துத்தான் அடுத்த வருஷத்துக்கான வேலையை முடிவு செய்வோம்.

அந்தக் குறிப்பேடுகள் இன்னொரு விதத்திலும் பயன்பட்டன. காலாண்டு விடுமுறை முடியும் சமயத்தில் அக்டோபர் 2 வருகிறது, அன்று கிராம சபைக் கூட்டம். முகாமில் தெரிந்துகொண்டதைப் பிள்ளைகள் இரண்டு பக்கத்தில் எழுதி, ஊராட்சித் தலைவரின் அனுமதியோடு அங்கே வாசிக்கலாம். கிராம சபையில் வாக்களிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை, ஆனால் தாங்கள் பார்த்ததைச் சொல்லலாம். எங்கள் பிள்ளைகள், 'இந்தத் தெருவில் ஒன்பது வீட்டுக்குக் குடிநீர்க் குழாய் இல்லை, கதவு எண்கள் இவை' என்று வாசித்தார்கள். குறை சொல்வது போல இல்லாமல் வெறும் விவரமாகச் சொன்னதால் தலைவரும் கோபப்படவில்லை. எட்டு மாதத்தில் ஆறு வீட்டுக்குக் குழாய் வந்தது. மீதி மூன்று வீட்டுக்கு அடுத்த வருஷமும் அதே பட்டியலை வாசித்தார்கள்.

அதே ஊருக்கே திரும்பத் திரும்பப் போக வேண்டும் என்று முதலில் சொன்னேன் அல்லவா, அதன் அருமை எனக்கு முழுசாகப் புரிந்தது 2018 நவம்பர் 16 அன்று. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த இரவு. விடிந்து பார்த்தால் தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்தது, மின்கம்பம் ஒன்றுகூட நிற்கவில்லை, செல்போன் வேலை செய்யவில்லை. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டிலேயே கூரை இல்லை. அவர்களை நான் கூப்பிடவில்லை, கூப்பிடவும் கூடாது. மூன்றாவது நாள் எட்டுப் பிள்ளைகள் தாங்களாகவே பள்ளிக்கு வந்து, பீரோவில் இருந்த பழைய குறிப்பேடுகளைக் கேட்டார்கள். நாலு வருஷமாக ஒரே ஊரில் வீடு வீடாகப் போயிருந்ததால் எந்த வீட்டில் தனியாக இருக்கும் முதியவர், எந்த வீட்டில் கைக்குழந்தை, யாருக்குச் சர்க்கரைக்கு மாத்திரை, யாருக்கு நடக்க முடியாது என்று எல்லாம் அதில் இருந்தது. தார்ப்பாயும் அரிசியும் ஏற்றிக்கொண்டு வெளியூரிலிருந்து வந்தவர்கள் முக்கிய சாலையில் நின்று யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் தவித்தார்கள். இந்தப் பிள்ளைகள் அவர்களைக் கூட்டிக்கொண்டு உள்தெருக்களுக்குப் போனார்கள். முதல் தார்ப்பாய் வங்கி வாசலில் தன் பெயரை எழுதக் கற்றுக்கொடுக்கச் சொன்ன பாட்டிக்குப் போனது. வாங்கியதற்கான தாளில் அவரே கையெழுத்துப் போட்டார்.

நீங்கள் இந்த வாரமே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. வரும் சனிக்கிழமை நாலு பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போங்கள். பதாகை வேண்டாம், சீருடை வேண்டாம், யாருக்கும் எதுவும் எடுத்துப் போக வேண்டாம். ரேஷன் கடை திறக்கும் நேரத்தில் போய்ப் பக்கத்துத் திண்ணையில் உட்காருங்கள். நாலு நோட்டு, நாலு பேனா. யார் வந்தாலும் பிள்ளைகளே பேசட்டும், நீங்கள் கொஞ்சம் தள்ளி இருங்கள். முதல் அரை மணி நேரம் பிள்ளைகள் கூச்சப்பட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் யாராவது ஒரு பாட்டி, "யாரு வூட்டுப் புள்ளைங்க நீங்க?" என்று கேட்பார். அங்கிருந்து பேச்சு தானாக நகரும். மதியம் திரும்பி வந்ததும் நாலு நோட்டையும் மேஜையில் வைத்து, எதெல்லாம் இரண்டு பேருக்கு மேல் சொல்லியிருக்கிறார்கள் என்று கோடு போட்டுப் பாருங்கள். முகாமுக்கு வேலைத் திட்டம் போடும்போது அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.